ஜோடிக்கல்

எங்கள் ஆவாரங்காட்டுப்பட்டியில் வெட்டிய வைரம் முதன்முதலாக வாய் திறந்தது விசாலாட்சி ஆச்சியின் இடது காதில்தான். அது சொன்ன முதல் வார்த்தை, "சனியனே, உட்காருடி."

ஆச்சி பதறவில்லை. கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு, தோடுகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, காரைக்குடியிலிருந்து கார் வைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து, எங்கள் வைர மாளிகையின் கண்ணாடி மேசைமேல் முடிச்சை அவிழ்த்து வைத்தார்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா மரியாதையில்லாமப் பேசுது. இத்தனை வருசத்துல எங்க மாமியாகூட என்னைய சனியன்னு சொன்னதில்லை. வலது காதுக் கல்லு பேசலை, சும்மா இருமிக்கிட்டே இருக்கு. எனக்கு ஒத்துக்கலை, வேற காட்டுங்க."

வைரத்தை அப்படித்தான் வாங்குவார்கள். கல்லைத் தற்காலிகமாக ஒரு தோட்டில் பொருத்திக் கொடுப்போம். வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டொரு நாள் போட்டுப் பார்ப்பார்கள். பால் திரிந்தாலோ, யாராவது மாடிப்படியில் சறுக்கினாலோ, கெட்ட கனவு வந்தாலோ, கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், நாங்களும் ஏன் என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வோம். ஆகவே ஆச்சி சொன்னதைக் கேட்டு மாளிகையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. விற்பனைப் பெண்கள் வேறு தட்டை எடுக்கப் போனார்கள். நான் மட்டும் அந்தக் கல்லைக் காதில் வைத்துக் கேட்டேன். எனக்கு அந்தக் குரல் தெரியும். எங்கள் ஊர்ப் பட்டறையின் மேற்பார்வையாளர் மாசிலாமணியின் குரல் அது.

என் பெயர் பிலோமினா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இயற்பியல் படித்தேன், என்னைப் படிக்க வைத்தது என் அக்கா ஸ்டெல்லா, ஸ்டெல்லாவுக்குச் சோறு போட்டது எங்கள் ஊர்ப் பட்டறையில் சுழலும் இரும்புச் சக்கரம். அந்தச் சக்கரத்தில் வைரத்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி, கல்லை ஒரு பிடியில் இறுக்கி அதன்மேல் அழுத்திப் பட்டை தீட்டுவார்கள்; குனிந்த தலை நிமிராமல், சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், எங்கள் ஊரின் பாதிப் பெண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாளிகையில் எனக்கு வேலை, கல்லுக்குக் கல் ஒப்பிடுவது. நூறு வருடத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் கையால் வெட்டப்பட்ட ஒரு வைரத்தை இந்தப் பக்கம் வைப்பேன். அதே மாதிரி எங்கள் ஊரில் நேற்று வெட்டிய வைரத்தை அந்தப் பக்கம் வைப்பேன். லென்ஸை மாட்டிக்கொண்டு எது எது என்று தெரிகிறதா பார்ப்பேன். தெரிந்தால் புதுக்கல் பட்டறைக்குத் திரும்பும். தெரியாவிட்டால் அதற்கு 'அரண்மனை வெட்டு' என்று பெயர் சூட்டி வெல்வெட்டில் வைப்பார்கள்.

இந்தக் கால வெட்டு பொடிப் பொடியாக மின்னும், வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி. பழைய வெட்டு அப்படியில்லை. அது நிதானமாக, பெரிய பெரிய துண்டாக நிறத்தை வீசும். ஒரு சிவப்பு, ஒரு நீலம், நடுவில் ஆழமான இருட்டு. அந்த நாளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கண்மதிப்பில் வெட்டியதால் பட்டைகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். மாளிகைக்கும் பட்டறைக்கும் சொந்தக்காரரான முதலாளிக்கு இதுதான் வேண்டியிருந்தது. வருடக்கணக்காகப் பட்டை கோணலாகப் போனால் திட்டு வாங்கிய எங்கள் பெண்கள், இப்போது பட்டை நேராகப் போனதற்காகத் திட்டு வாங்கினார்கள். "தப்பாப் பண்ணும்மா, ஆனா சரியான தப்பாப் பண்ணு" என்று மாசிலாமணி கத்துவார். தப்பைத் தப்பாகச் செய்த கல்லை மறுபடி தீட்ட வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. "கட்டுன புருசனே இவ்வளவு குழப்பமாப் பேசினதில்லைடி" என்பாள் அக்கா.

கல் ஏன் பேசியது என்பதை எங்கள் ஊரில் அதிகம் ஆராயவில்லை. இந்தக் கால வைரத்துக்கு அடிப்பாகம் ஊசிமுனையாக முடியும். பழைய ஐரோப்பிய வெட்டில் அந்த முனையை மழித்துச் சின்னதாக ஒரு தட்டைப் பட்டை வைப்பார்கள், மேலிருந்து பார்த்தால் கல்லின் அடியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிற மாதிரி தெரியும். ஜன்னல் என்று ஒன்று இருந்தால் உள்ளே ஏதாவது போகத்தான் போகும் என்று ஊரார் சொன்னார்கள். அதற்குமேல் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, தண்ணீர் லாரி வந்துவிட்டது.

ஐரோப்பியக் கற்களும் பேசின. அது முதலாளிக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவை பேசிய மொழி எங்களில் யாருக்கும் புரியவில்லை. பிரெஞ்சோ டச்சோ, தாழ்ந்த குரலில், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. வாங்குகிறவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "ஏதோ மகாராணி பிரார்த்தனை பண்றா போல" என்று ஒரு டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு கல்யாண வீட்டார், முணுமுணுக்கிற கல்தான் வேண்டும், ஊமைக் கல் வேண்டாம் என்று கேட்டு வாங்கினார்கள். அந்த முணுமுணுப்பையும் நான் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். மொழி எனக்கும் தெரியாது. ஆனால் இடையில் வந்த இருமல் எங்கள் ஊர் இருமல். தூள் நெஞ்சில் இறங்கியவர்கள் எந்த நாட்டிலும் அப்படித்தான் இருமுவார்கள் போல. பிரார்த்தனை என்று சொல்லப்பட்டது எனக்கு அப்படிப் படவில்லை. யாரோ யாரிடமோ எழுந்து போக அனுமதி கேட்கிற தொனி அது. இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் எப்போதும் போல மெதுவாகச் சிரித்தார்.

"புரியாத வரைக்கும் அது சங்கீதம்மா. புரிஞ்சாத்தான் தொந்தரவு. நம்ம கல்லோட பிரச்சினையே அதான், தமிழ்ல பேசுது."

முதலாளி யாரையும் பார்த்துக் கத்த மாட்டார். "நீங்கள்லாம் என் குழந்தைங்க மாதிரி" என்பார். கத்துவதற்கு மாசிலாமணிக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்.

இதற்குள் ஊர் கல்லைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றிக் கல் தீட்டிக்கொண்டே ஒருத்தி புலம்ப, அந்தக் கல் யாரோ பெரிய அதிகாரியின் மனைவி காதுக்குப் போய்ச் சேர, அந்த அம்மாள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் "ஆவாரங்காட்டுப்பட்டி ஸ்டாப்புல நிறுத்துங்கய்யா" என்ற குரலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போக, மறு வாரமே பஸ் நின்றது. அதற்குப் பிறகு பெண்கள் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ரேஷன் அரிசியில் வரும் கல்லைப் பற்றி வைரக் கல்லிடம் சொன்னாள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாததைச் சொன்னாள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல, அந்தக் கல் விற்காமல் திரும்பி வந்து, மாமியாரே அதே பட்டறையில் அதைத் துடைக்க நேர்ந்து, அந்த வீட்டில் தனி அடுப்பு வைத்தார்கள். பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோன லூர்துமேரியின் குரல் ஒரு கல்லில் இருக்கிறது என்று தெரிந்து அவள் பிள்ளைகள் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு மாளிகைக்கு வந்து, "அம்மாவைக் கொஞ்சம் காட்டுங்கக்கா" என்று என்னிடம் கேட்டார்கள். வாசல் காவலாளி அவர்களை உள்ளே விடவில்லை. கல் ஏற்கனவே கோயம்புத்தூருக்குப் போயிருந்தது.

திரும்பி வந்த கற்கள் கூடிக்கொண்டே போயின. முதலாளி முதலில் பெண்களின் வாயில் துணி கட்டச் சொன்னார். அந்தக் கற்களில் பெருமூச்சு வந்தது. பட்டறையில் ஒலிபெருக்கி வைத்து பக்திப் பாட்டுப் போட்டார்கள். கற்கள் பாடின, பாட்டின் அடியில் இருமின. பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச பொண்ணு. அந்த வெளிநாட்டுக் கல்லு பேசறதைக் கேட்டு அதே மாதிரி நாலு வரி எழுதிக்கோ. நம்ம பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடு. கல் தீட்டும்போது அதையே சொல்லட்டும்."

நான் போனேன். வேலைக்குப் போன முதல் வருடம்; இல்லை என்று சொல்லப் பழகியிருக்கவில்லை. மாசிலாமணி ஒரு பலகையைப் போட்டுக்கொடுத்தார். நான் முன்னால் நின்று சொல்ல, என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், எனக்குப் பேன் பார்த்தவர்கள், திருவிழாவில் எனக்கு வளையல் வாங்கித் தந்தவர்கள் எல்லோரும் அந்தப் புரியாத சத்தங்களைத் திருப்பிச் சொன்னார்கள். அக்கா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் வயிறு சக்கர மேசையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னத்தடி சொல்றோம் நாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியாதுக்கா."

"தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தான் உன்னையப் படிக்க வெச்சேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் கற்களுக்குள் போனது. விசாலாட்சி ஆச்சி மறுபடி ஒரு ஜோடியை எடுத்துப் போய் மறுபடி திருப்பிக் கொண்டுவந்தார். "பிரெஞ்சு சரிதான். நடுவுல எவளோ ஐயோ முதுகுங்கிறா" என்றார்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அனுப்பும் தேதி நெருங்க நெருங்க, சக்கரத்தை விட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று மாசிலாமணி சட்டம் போட்டார். எழுந்தால் கை நடுங்கும், நடுங்கினால் பட்டை கெடும் என்று காரணம் சொன்னார். தண்ணீர் குடித்தால்தானே எழுந்திருப்பீர்கள் என்று தண்ணீர்ப் பானையை வெளியே எடுத்து வைத்தார். ஒரு மத்தியான வேளையில் அக்காவுக்கு இடுப்பு வலித்தது. எழுந்தாள். "சனியனே, உட்காருடி" என்றார் மாசிலாமணி. ஆர்டரிலேயே பெரிய கல் அவள் சக்கரத்தில் இருந்தது, அதன் அடிப்பட்டை மட்டும்தான் பாக்கி. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வயிற்றை மேசையோடு அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து முடித்தாள். முடித்தபோது அவள் புடவையும் முக்காலியும் நனைந்திருந்தன. மற்றவர்கள் அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆண் குழந்தை. அழவில்லை. பட்டறைக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரமாக, பெயர் வைக்காமல் புதைத்தோம்.

ஆர்டர் குறித்த தேதியில் போனது. அந்தப் பெரிய கல்லை மட்டும் முதலாளி நிறுத்திக்கொண்டார்.

அது என் மேசைக்கு வந்தது. வழக்கம்போல ஓர் ஐரோப்பியக் கல்லைப் பக்கத்தில் வைத்தேன். லென்ஸில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே உயரமான தலை, அதே சின்ன மேற்பட்டை, அதே நிதானமான நெருப்பு. காதில் வைத்தேன். ஐரோப்பியக் கல் முணுமுணுத்தது. அக்காவின் கல் பேசவில்லை, இருமவில்லை, மூச்சுகூட விடவில்லை. அதற்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது, கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி வேகமாக, சின்னதாக, விடாமல். அக்காவின் வயிற்றில் காது வைத்து நான் எத்தனையோ தடவை கேட்ட சத்தம் அது. நான் சித்தி.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்தாள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள. நடு ஹால்ல."

"ஏசி போட்டிருப்பாங்களே. குளுருமேடி" என்றாள். அப்புறம், "எனக்கு அது வேணும் பிலோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்தக் கதையில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான்.

நான் முதலாளியிடம் கேட்டேன். ஆயுள் முழுக்க வேலை செய்து கழிக்கிறேன் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், மிகவும் வருத்தப்பட்டார். பிறகு, "விசாலாட்சி ஆச்சி அதைப் போட்டுப் பார்க்கிறாங்கம்மா. ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

ஒத்துக்கொண்டது. ஆச்சி தானே வந்து சொன்னார், முகமெல்லாம் பூரிப்பு. "இது காதுல இருந்தா ரத்தக்கொதிப்பே இறங்கிருது. வீட்டுல யாரோ கூடவே இருக்காப்ல இருக்கு." நான் அவர் பக்கத்தில் போய், அந்தச் சத்தம் யாருடையது, எப்படி அதற்குள் போனது, இப்போது அவன் எங்கே கிடக்கிறான் என்பதை மறைக்காமல் சொன்னேன். ஆச்சி தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"பாவம்" என்றார். "அதான் இம்புட்டுச் சாந்தமா இருக்கு." பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "ஒத்தைக் கல்ல வெச்சு நான் என்ன பண்ண? தோட்டுக்கு ரெண்டு வேணுமே. இதே மாதிரி துடிக்கணும். ஜோடி சேருமா?"

"சேர்த்துத் தர்றேன் ஆச்சி" என்று முதலாளி கல்லை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே பட்டறை வாசலில் பலகை வைத்தார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு முன்னுரிமை, மெத்தை வைத்த முக்காலி, வந்து போக வேன். எங்கள் ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை? டீக்கடையில் ஆண்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

"மெத்தை வெச்ச முக்காலியாம்ப்பா. வீட்டுல மட்டும் என்ன கட்டில்லயா படுத்திருக்காளுக?"

"உன் பொண்டாட்டிக்கு எத்தனாவது மாசம்?"

"அட போப்பா, இனிமேத்தான்."

"அப்ப சீக்கிரம் வீட்டுக்குக் கெளம்பு, இங்க என்ன டீ குடிச்சிக்கிட்டு இருக்க."

சிரித்தார்கள். ஆவணி வருவதற்குள் கல்யாணங்கள் முடிந்தன. வயிறு தெரிய ஆரம்பித்ததும் மாமியார்கள் மருமகள்களை வேனில் ஏற்றிக் கையில் மாதுளம்பழம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் அடிப்பட்டை வைத்த கற்கள் எல்லாமே துடித்தன. முதலாளி பட்டறைக்கே வந்து ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டுக் குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தத் துடிப்பு நிலைக்கவில்லை. பிள்ளை பிறந்து முதல் அழுகை அழுத நொடியில் அதன் கல் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் பிள்ளை வீறிடும், இங்கே வெல்வெட்டில் கல் ஊமையாகும். ஒரு கல்லுக்கும் விலக்கில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிற கல் துடிக்காது. துடித்துக்கொண்டே இருப்பது அக்காவின் கல் ஒன்றுதான்.

இது எனக்குப் புரிந்த அன்றே முதலாளிக்கும் புரிந்திருக்க வேண்டும். முக்காலியில் இருந்த மெத்தைகள் துவைக்கப் போய்த் திரும்பி வரவில்லை. தண்ணீர்ப் பானை மறுபடி வெளியே போனது. வேன் நேரம் கழித்து வந்தது. பக்கத்து வீட்டு ஜெனிட்டா, நிறைமாதக்காரி, கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு சக்கரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஆச்சிக்காக வைத்திருந்த அக்காவின் கல்லுக்குச் சமமான எடையுள்ள பெரிய கல்லைக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுந்திருக்கப் பார்த்தபோது மாசிலாமணி திட்டவில்லை. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கம்மா, கல்லு முடியட்டும்" என்று கொஞ்சலாகச் சொன்னார். அந்தக் கொஞ்சலைக் கேட்டதும் நான் வீட்டுக்கு ஓடினேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அக்கா பிரசவத்துக்குப் பிறகு பட்டறைக்குப் போயிருக்கவில்லை. அன்றைக்குத் தலையை முடிந்துகொண்டு நேராகப் போய் மாசிலாமணி முன்னால் நின்றாள்.

"ஜோடி நான் வெட்டித் தர்றேன். ஜெனிட்டா கையில இருக்கிற கல்லை எங்கிட்ட குடுங்க. ஆனா மூத்த கல்லு பக்கத்துல இருக்கணும். பார்க்காம ஜோடி வெட்ட முடியாது."

அது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜோடிக்கல் வெட்டுகிறவள் முதல் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவாள். அவளைவிட நல்ல கையும் பட்டறையில் இல்லை. முதலாளி ஒத்துக்கொண்டார். ஒப்பிடுவது என் வேலை என்பதால் கல்லைக் காரில் கொண்டுபோனது நான். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக அந்தப் பெட்டி என் மடியில் துடித்தது.

உச்சி வெயில். தகரக்கூரையின் கீழ் எல்லாச் சக்கரங்களும் சுழன்றுகொண்டிருந்தன. அக்கா என் கையிலிருந்து கல்லை வாங்கிக் காதில் வைத்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை, மாசிலாமணிகூட. அவள் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஜெனிட்டாவின் புதுக்கல்லை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மூத்த கல்லை எடுத்துப் பிடியில் தலைகீழாக இறுக்கி, அடிப்பட்டையைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள்.

"ஏய், அதை ஏன் வைக்கிறே?" என்றார் மாசிலாமணி.

அவள் இன்னும் அழுத்தினாள். ஜன்னல் பெரிதாகிக்கொண்டிருந்தது. முதலாளி இரண்டு எட்டு முன்னால் வந்தார், ஆனால் சுழலும் சக்கரத்தில் கை வைக்க அவருக்குத் தைரியமில்லை. அவர் அதைத் தொட்டதே கிடையாது. கடுகளவு இருந்த ஜன்னல் மிளகளவு ஆனது, கதவளவு ஆன மாதிரி எனக்குத் தோன்றியது, அந்தக் கதவு வழியாக என் அக்காவின் பிள்ளை வெளியே வந்தான். அவனைப் பார்க்க முடியவில்லை. கேட்க முடிந்தது. முதலில் மேசை அதிர்ந்தது, பிறகு தரை, பிறகு தகரக்கூரை. சக்கரங்களின் இரைச்சலுக்கு மேலே அந்தச் சின்ன நெஞ்சின் சத்தம் ஏறி நின்றது, ஏறி நின்று பட்டறை முழுக்க அடித்தது, டம் டம் டம் என்று, எங்கள் எல்லோருடைய நெஞ்சும் அதன் வேகத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் எழுந்தவள் ஜெனிட்டா. வெறுங்காலைத் தரையில் ஊன்றி, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முக்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்த முக்காலி தரையில் உரசிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்தவள் எழுந்தாள். அதற்கடுத்தவள். மாசிலாமணிக்கு வாய் வரவில்லை. அவர் நெஞ்சும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். பட்டறை முழுவதும் எழுந்து நின்றது. அப்போதுதான், யாரையும் பார்த்துக் கத்தாத முதலாளி, எங்களையெல்லாம் குழந்தைகள் என்று சொல்லும் முதலாளி, முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தக் குரலில் கத்தினார்.

"சனியனே, உட்காருடி!"

யாரும் உட்காரவில்லை. அக்கா சக்கரத்திலிருந்து கல்லை எடுத்து என் பெட்டியில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். சத்தம் அவளுக்கு முன்னால் போனது, பெண்கள் அவளுக்குப் பின்னால் போனார்கள். பட்டறையைச் சுற்றிக்கொண்டு, முள்வேலியோரமாக, கல்லறைத் தோட்டத்துக்குள் அது போய், பெயரில்லாத அந்தச் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகி, மெதுவாகி, தூங்குகிற பிள்ளையின் மூச்சு அளவுக்குத் தணிந்து நின்றது. அக்கா அங்கே மண்ணில் உட்கார்ந்தாள். "இப்ப உக்காந்துக்கறேன்" என்றாள். ஜெனிட்டாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட சத்தத்தில் நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டார் என்று சொன்னார்கள்.

மறுநாள் நான் மாளிகைக்குப் போனேன். வேலையை விடுவதற்குமுன் மேசையில் இருப்பதை முடித்துவிட வேண்டும் என்ற புத்தி எனக்கு. விசாலாட்சி ஆச்சி வந்து காத்திருந்தார், பக்கத்தில் முதலாளி பழைய மெல்லிய குரலோடு. அக்கா திறந்துவிட்ட கல்லை எடுத்து ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் ஆசையோடு காதருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. கல்லை ஒருமுறை பார்த்தார், முதலாளியை ஒருமுறை பார்த்தார், திரும்பவும் காதில் வைத்தார். அவ்வளவு பெரிதாகத் திறந்திருந்த ஜன்னல் வழியாக, பிள்ளை வெளியே போன இடத்தில், முதலாளியின் குரல் உள்ளே போயிருந்தது.

"ஒப்பிட்டுச் சொல்லும்மா" என்றார் முதலாளி, ஒன்றும் தெரியாமல். "ஆச்சிக்கு ஜோடி வேணுமே. ஏதாவது சேருமா?"

நான் இழுப்பறையைத் திறந்து, ஆச்சி முதன்முதலில் திருப்பிக் கொடுத்த அந்த இடது காதுக் கல்லை எடுத்தேன். இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அளவு ஒட்டவில்லை, நெருப்பு ஒன்றே. முதலாளியின் ஒரு காதருகே ஒன்றையும் இன்னொரு காதருகே மற்றதையும் பிடித்தேன். ஒன்று மாசிலாமணியின் குரலில் சொன்னது, மற்றது அவர் குரலிலேயே சொன்னது. இரண்டும் சொன்னது ஒரே வார்த்தை.

"சேருதுங்க" என்றேன். "இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. வித்தியாசமே இல்லை."

லென்ஸைக் கழற்றித் தாளின்மேல் வைத்தேன். முக்காலியைப் பின்னால் தள்ளி, நன்றாகச் சத்தம் கேட்கும்படி தள்ளி, எழுந்தேன்.